ஒரே எகிப்து, பல விளக்கங்கள்: ஏகாதிபத்தியம் பற்றிய மார்க்சியக் கோட்பாடுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நாடு சின்ன நாட்டை அடக்குவதுதானே ஏகாதிபத்தியம்? இதற்குக் கோட்பாடு எதற்கு?

அடக்குவது பழைய கதை. ரோமானியர் செய்தார்கள். இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் வரை போயின. ஆனால் 1880-க்குப் பிறகு நடந்ததற்கு அந்தப் பழைய விளக்கம் போதவில்லை. முப்பது ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா, லைபீரியா தவிர ஏறக்குறைய எல்லாமே ஐரோப்பியர் கைக்குப் போய்விட்டது. வாளோடும் கப்பலோடும் கடன் பத்திரமும் ரயில் பாதையும் வங்கியும் சேர்ந்து வந்தன. அதில் புதியது என்ன என்று மார்க்சியர்கள் கேட்டார்கள். விடைகள் வேறுபட்டன.

வேறுபட்டதற்கு முக்கியக் காரணம், அவர்கள் கேட்ட கேள்விகளே வேறு என்பதுதான் என்று நான் கருதுகிறேன். முதலாளித்துவம் ஏன் தன் எல்லையைத் தாண்டுகிறது என்று கேட்டவர் ஒருவர். வல்லரசுகள் ஏன் தங்களுக்குள் போரிடுகின்றன என்று கேட்டவர் இன்னொருவர். கொடி இறங்கிய பிறகும் அந்த நாடு ஏன் ஏழையாகவே கிடக்கிறது என்று கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "லெனின் சரியா, ரோசா லக்சம்பர்க் சரியா" என்று வாதாடினால் விடியும்வரை பேசலாம், ஒன்றும் தெளியாது. அதனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு நாட்டை எடுத்து ஒவ்வொரு கோட்பாட்டின் முன்னும் வைத்துப் பார்க்கிறேன். அந்த நாடு எகிப்து.

ஏன் எகிப்து?

எல்லாம் அங்கே நடந்தது. 1820-களில் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி நீண்ட இழைப் பருத்தியைப் பயிரிடச் செய்து, அரசுச் செலவில் ஆலைகளையும் கட்டினார். 1838-இல் பிரிட்டன், எகிப்து பெயரளவில் அடங்கியிருந்த ஆட்டோமன் பேரரசோடு செய்த வணிக ஒப்பந்தம் அரசின் ஏகபோக வணிகத்தைத் தடை செய்தது. 1841-இல் அவருடைய படை 18,000 பேருக்குள் அடக்கப்பட்டது. ஆலைகள் தேய்ந்தன, பருத்தி மட்டும் நின்றது.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் பருத்தி விலை விண்ணைத் தொட்டது. 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது. அதற்குள் மன்னர் இஸ்மாயில் கடனில் இறங்கியிருந்தார். 1863-இல் சுமார் 30 லட்சம் பவுண்டாக இருந்த அரசுக் கடன், 1876-இல் 9 கோடி பவுண்டைத் தாண்டியது. 1875-இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகள் சுமார் 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் போயின. மறு ஆண்டு கடன் கொடுத்தவர்களின் ஆணையம் ஒன்று கெய்ரோவில் உட்கார்ந்தது. 1882-இல் அலெக்சாண்டிரியா மீது குண்டுகள் விழுந்தன, பிரிட்டிஷ் படை இறங்கியது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு நாடு கடன் புத்தகத்துக்குள் மூழ்கிப்போன கதை இது.

மார்க்சே இதைப் பற்றி எழுதவில்லையா?

தனிக் கோட்பாடாக எழுதவில்லை. 1853-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கட்டுரைகளில், பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் பழையதை இடித்துப் புதியதற்கு வழிசெய்யும் என்று எதிர்பார்த்தார். 1881-இல் ருஷ்ய நண்பர் டேனியல்சனுக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு மார்க்ஸ் தெரிகிறார். வாடகை, ரயில்வே லாபம், அதிகாரிகளின் ஓய்வூதியம் என்று ஆண்டுதோறும் இந்தியாவிலிருந்து போவது, ஆறு கோடி உழைப்பாளிகளின் மொத்த வருமானத்தையும் விஞ்சுகிறது என்றும், அது இரத்தத்தை வடிப்பது போன்றது என்றும் எழுதுகிறார். பின்னால் வந்த இரண்டு முகாம்களுக்கும் விதை இந்த இரண்டு மார்க்சிடமும் இருக்கிறது.

ஹாப்சன் மார்க்சியர் இல்லையே, அவரை ஏன் எல்லோரும் இழுக்கிறார்கள்?

ஜே. ஏ. ஹாப்சன் ஆங்கிலேய தாராளவாதி. போயர் போர் (தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளோடு பிரிட்டன் நடத்திய போர்) சூழ்ந்த காலத்தில் பத்திரிகையாளராகத் தென்னாப்பிரிக்கா போய்வந்து, 1902-இல் தன் நூலை வெளியிட்டார். உள்நாட்டில் தொழிலாளிக்குக் கூலி குறைவு, அதனால் சரக்கு விற்பதில்லை, அதனால் பணக்காரரின் சேமிப்பு வெளிநாடு தேடுகிறது என்பது அவர் வாதம். கூலியை உயர்த்தினால் ஏகாதிபத்தியம் தேவைப்படாது என்று அவர் நம்பினார். லெனின் அவருடைய தகவல்களை மதித்தார், அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை.

ஹில்ஃபர்டிங் சொன்ன 'நிதி மூலதனம்' என்பது என்ன?

ருடால்ஃப் ஹில்ஃபர்டிங் வியன்னாவில் மருத்துவம் படித்தவர். 1910-இல் வந்த அவருடைய நூல் இந்தத் துறைக்கே அடித்தளம். வங்கி மூலதனமும் தொழில் மூலதனமும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன, அந்தப் பிணைப்புக்குப் பெயர்தான் நிதி மூலதனம் என்றார். பெர்லினின் ஆறு பெரிய வங்கிகளைக் கைப்பற்றினால், பெருந்தொழிலின் மிக முக்கியமான துறைகளையெல்லாம் கைப்பற்றியதாகிவிடும் என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது அந்தக் காலத்து ஜெர்மனி கண்முன் வருகிறது. சுங்கச் சுவரை முன்பு நலிந்த தொழில்கள் கேட்டன. இப்போது வலுத்த கார்ட்டெல்கள் (விலையையும் சந்தையையும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் நிறுவனக் கூட்டுகள்) கேட்கின்றன. உள்நாட்டில் விலையை ஏற்றி, அந்த லாபத்தைக் கொண்டு வெளிச்சந்தையில் போட்டியாளரை வீழ்த்தத்தான் அவை கேட்கின்றன. சுவருக்குள் அடங்கும் பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம் என்பதால், அரசு நாடு பிடிக்க வேண்டும் என்கின்றன.

ரோசா லக்சம்பர்க்கின் கோட்பாட்டை எளிமையாகச் சொல்ல முடியுமா?

முயல்கிறேன். பெர்லினில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த ரோசா, மார்க்சின் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் உள்ள மறு உற்பத்தி அட்டவணைகளில் தடுக்கி நின்றார். ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தி பெருகுகிறது. தொழிலாளி தன் கூலிக்கு வாங்குகிறார், முதலாளி தன் வசதிக்கு வாங்குகிறார். உழைப்பு உருவாக்கியதில் கூலி போக முதலாளிக்கு மிஞ்சுவது உபரி மதிப்பு. மறு முதலீட்டுக்காக ஒதுக்கப்படும் உபரி மதிப்பு அடங்கிய சரக்கை வாங்கிப் பணமாக்கித் தருவது யார்? முதலாளித்துவத்துக்கு வெளியே உள்ளவர்கள்தான் என்றார் ரோசா. விவசாயிகள், கைவினைஞர்கள், காலனி மக்கள். ஆகவே முதலாளித்துவத்துக்கு எப்போதும் முதலாளித்துவம் அல்லாத ஒரு சூழல் தேவை. ஆனால் தொட்ட இடத்தையெல்லாம் அது தன்னைப் போலவே மாற்றிவிடுகிறது. தனக்கு உணவான நிலத்தையே அது அழிக்கிறது. 1913-இல் வந்த 'மூலதனத் திரட்டல்' நூலின் மையம் இதுதான்.

கணக்கு தவறு என்று ஆஸ்திரிய மார்க்சியர் ஓட்டோ பாவர் உடனே எழுதினார். 1920-களில் ருஷ்ய போல்ஷெவிக் தலைவர் புகாரின் இன்னும் கூர்மையாக எழுதினார்: விரிவாக்கம் செய்யும் முதலாளிகளே ஒருவர் மற்றவரிடம் எந்திரம் வாங்குகிறார்கள், புதிதாக வேலைக்கு எடுத்த தொழிலாளர்கள் துணியும் ரொட்டியும் வாங்குகிறார்கள், சரக்குக்கான தேவை உள்ளேயே பிறக்கிறது. கணக்கு என்ற அளவில் புகாரின் பக்கம்தான் வலு அதிகம் என்பது என் கருத்து.

ஆனாலும் நூலின் பிற்பகுதியை யாரும் அசைக்கவில்லை. இந்தியாவில் நில உரிமை, அல்ஜீரியாவில் கூட்டுச் சொத்து உடைப்பு, சீனத்தில் அபினிப் போர், பிறகு எகிப்து. எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது. சூயஸ் கால்வாயைத் தோண்ட மாதம் 20,000 விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு அனுப்ப எகிப்து ஒப்புக்கொண்டிருந்தது. பின்னர் இஸ்மாயில் அதை நிறுத்த முயன்றார். வழக்கு மூன்றாம் நெப்போலியனின் தீர்ப்புக்குப் போனது. 1864-இல் அவர், கட்டாய உழைப்பும் நிலமும் கைவிட்டுப்போனதற்காகக் கால்வாய்க் கம்பெனிக்கு எகிப்து 8 கோடியே 40 லட்சம் பிராங்க் இழப்பீடு தர வேண்டும் என்றார். தன் மக்களை அடிமை வேலையிலிருந்து விடுவித்ததற்கு ஒரு நாடு அபராதம் கட்டியது, அந்த அபராதத்துக்கும் கடன் வாங்கியது. பருத்தி விலை ஏறியபோது இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகள் இறக்குமதியானதையும், விலை விழுந்ததும் அந்தக் கனவு சரிந்ததையும், கடைசியில் எல்லாக் கடனும் வரியாகவும் சாட்டையடியாகவும் உழவர் முதுகில் இறங்கியதையும் ரோசா வரிசையாகச் சொல்கிறார்.

கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே? இதில் சுரண்டல் எங்கே வந்தது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். நேர்மையான கேள்வி. விடையையும் அவரையே போடச் சொன்னோம். 1873-ஆம் ஆண்டுக் கடனின் முக மதிப்பு 3 கோடியே 20 லட்சம் பவுண்டு, வட்டி 7 விழுக்காடு. தள்ளுபடி, தரகு எல்லாம் போக எகிப்து பெற்றது ஏறத்தாழ 2 கோடி. ஆண்டு வட்டியோ முழு மதிப்புக்கும் கணக்கிடப்பட்டது: 22 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. கைக்கு வந்த தொகைக்கு அது 11 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அசல் என்று திருப்பிக் கட்ட வேண்டியதில் 1 கோடியே 20 லட்சம் அவர்கள் கண்ணிலேயே படாத பணம். வந்த பணத்திலும் ஒரு பகுதி எகிப்தின் பழைய கடன் பத்திரங்களாகவே வந்தது. அவர் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டுச் சாக்குக் கட்டியைக் கீழே வைக்காமல் சிறிது நேரம் நின்றார். "இப்படி ஒரு கடனை நான் அனுமதித்திருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்" என்றார். அன்றைய வகுப்பில் அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

லெனின் புதிதாக என்ன சொன்னார்?

'ஏகாதிபத்தியம், முதலாளித்துவத்தின் உச்சக் கட்டம்' என்ற நூலை 1916-இன் முதல் பாதியில் சூரிச் நகரில், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது எழுதினார். அவருக்கு எரிந்த கேள்வி இரண்டாவது கேள்வி: இந்தப் போர் ஏன்? சமதர்மக் கட்சிகள் ஏன் தத்தம் அரசுகளின் பின்னால் போய் நின்றன? முன்னோர் சொன்னதை அவர் ஒரு கோவையாக்கினார். உற்பத்தி குவிந்து ஏகபோகமாகிறது, வங்கியும் தொழிலும் பிணைந்து நிதி மூலதனமாகிறது, சரக்கைவிட மூலதன ஏற்றுமதி முக்கியமாகிறது, சர்வதேசக் கூட்டணிகள் உலகச் சந்தையைப் பங்கிடுகின்றன, வல்லரசுகள் நிலப்பரப்பைப் பங்கிட்டு முடித்துவிட்டன. முடித்துவிட்டன என்பதுதான் ஆணிவேர். காலி இடம் இல்லை என்றால் இனி ஒருவரிடமிருந்து இன்னொருவர் பறிக்கத்தான் முடியும்.

இதற்குக் கொஞ்சம் முன்னால் புகாரின் உலகப் பொருளாதாரம் பற்றித் தன் நூலை எழுதி முடித்திருந்தார், லெனினே 1915 டிசம்பரில் அதற்கு முன்னுரை எழுதினார். மூலதனம் உலகமயமாகும்போதே தேசிய அரசுக்குள்ளும் இறுகுகிறது என்ற முரணைப் புகாரின்தான் தெளிவாகப் பிடித்தவர். அவருக்கு உரிய மதிப்பை நம் விவாதங்களில் தருவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

லெனின் நூலைத் தமிழில் வாசிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அது ஜார் ஆட்சியின் தணிக்கைக்குத் தப்ப வேண்டிய நூல். கொரியாவை ஜப்பான் கைப்பற்றியதைப் பற்றி எழுதும் இடத்தில் ருஷ்யாவையும், அது பிடித்து வைத்த பின்லாந்து, போலந்து போன்ற நாடுகளையும் வைத்துப் படியுங்கள் என்று 1917 ஏப்ரல் முன்னுரையில் அவரே சொல்கிறார்.

காவுட்ஸ்கியோடு அவருக்கு என்ன சண்டை?

போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பரில், ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்பாட்டாளர் கார்ல் காவுட்ஸ்கியின் கட்டுரை வெளிவந்தது. கார்ட்டெல்கள் போட்டியை நிறுத்திக் கூட்டுச் சேர்வது போல, வல்லரசுகளும் ஒருநாள் கூட்டுச் சேர்ந்து உலகைச் சேர்ந்தே சுரண்டலாம் என்றார். இதை அதீத ஏகாதிபத்தியம் என்பார்கள். லெனினின் பதில் வளர்ச்சியின் ஏற்றத்தாழ்வு. இன்றைய பங்கீடு இன்றைய பலத்தைப் பொறுத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஜெர்மனி இங்கிலாந்தின் முன் ஒரு பொருட்டே இல்லை, இன்று அப்படியா? பலம் மாறும்போது பங்கீடும் மாற வேண்டும், அதைத் தீர்ப்பது பீரங்கி. ஆகவே சமாதானக் கூட்டு என்பது இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட ஓய்வுதான்.

இப்போது எகிப்தை வைத்துப் பாருங்கள். 1876-க்குப் பிறகு பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து எகிப்தின் வரவு செலவைக் கண்காணித்தன. இரட்டைக் கட்டுப்பாடு என்றே அதற்குப் பெயர். சின்ன அளவில் காவுட்ஸ்கி சொன்ன கூட்டுத்தான். ஆனால் 1882-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது, பிரிட்டன் தனியாக இறங்கி முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1898-இல் நைல் நதியின் மேல்பகுதியில் ஃபஷோடாவில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. 1904-இல் எகிப்து உனக்கு, மொராக்கோ எனக்கு என்று மீண்டும் சமரசம். அந்தச் சமரசமே ஜெர்மனிக்கு எதிரான அணியாகி 1914-இல் போய் நின்றது. ஒரே நாட்டின் இருபத்தெட்டு ஆண்டுக் கதையில் இருவரும் சொன்னது மாறி மாறி நடக்கிறது. ஆனால் கூட்டு எதில் முடிந்தது என்று கேட்டால் லெனின்தான் நெருங்கியவர்.

அப்படியானால் லெனினிடம் குறையே இல்லையா?

உண்டு. பிரிட்டனின் மூலதனத்தில் பெரும்பகுதி புதிதாகப் பிடித்த ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா என்று போனது. நிதி மூலதனம் என்ற கருத்து ஜெர்மனிக்குப் பொருந்திய அளவு பிரிட்டனுக்குப் பொருந்தவில்லை. காலனி லாபத்தின் ஒரு துண்டு தொழிலாளர் மேட்டுக்குடிக்குப் போய் அவர்களைச் சாந்தப்படுத்துகிறது என்ற வாதத்தில் உண்மை இருந்தாலும், நல்ல கூலி பெற்ற திறன்மிக்க உலோகத் தொழிலாளர்களே பெர்லினிலும் பெட்ரோகிராடிலும் புரட்சியின் முன்வரிசையில் நின்றார்கள் என்பதை அது விளக்காது. லெனின் தன் நூலைப் பொதுமக்களுக்கான சுருக்கம் என்றே குறிப்பிட்டார். அதை மறை நூலாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

சார்புநிலைக் கோட்பாடு இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கேள்வியே மாறுகிறது. இங்கே மூன்றாவது கேள்வி: கொடி இறங்கிய பிறகும் நாடு ஏன் ஏழையாகவே கிடக்கிறது? பால் பாரன் 1957-இல், ஏழை நாடுகளின் உபரி வெளியே போவதும் உள்ளே வீணாவதும்தான் அவை தேங்கிக் கிடப்பதற்குக் காரணம் என்றார். ஆந்த்ரே குந்தர் ஃப்ராங்க் இலத்தீன் அமெரிக்காவை வைத்து, வளர்ச்சியின்மை என்பது பழைய நிலை அல்ல, உலக முதலாளித்துவமே உற்பத்தி செய்த நிலை என்றார். பிரேசிலின் ரூய் மௌரோ மரினி, விளிம்பு நாட்டு (பணக்கார 'மைய' நாடுகளைச் சார்ந்து நிற்கும் ஏழை நாட்டு) முதலாளி தான் இழந்ததை ஈடுகட்டத் தன் தொழிலாளியை உயிர் வாழும் அளவுக்கும் கீழே பிழிகிறார் என்று காட்டி, அதை மிகைச் சுரண்டல் என்றார்.

அர்கிரி எம்மானுவேல் 1969-இல் முன்வைத்த சமமற்ற பரிமாற்றம் நுட்பமானது. மூலதனம் எல்லை தாண்டும், தொழிலாளி தாண்ட முடியாது. அதனால் லாப விகிதம் சமமாகிறது, கூலி சமமாவதில்லை. குறைந்த கூலி நாட்டின் சரக்கு மலிவாக விற்கிறது, படை இறங்காமலேயே மதிப்பு வெளியேறுகிறது. சார்ல் பெத்தல்ஹெய்ம் மறுத்தார்: சுரண்டல் உற்பத்தியில் வர்க்கங்களுக்கு இடையே நடப்பது, நாடு நாட்டைச் சுரண்டுகிறது என்று சொல்லத் தொடங்கினால் பணக்கார நாட்டுத் தொழிலாளியைச் சுரண்டுபவராக நிறுத்திவிடுவோம். இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன்.

சமீர் அமீன் கெய்ரோவில் பிறந்தவர். முகமது அலியின் ஆலைகள் மறைந்து பருத்தி வயல் மட்டும் எஞ்சிய நாட்டில் வளர்ந்தவர், விளிம்பு நாட்டின் பொருளாதாரம் தன் உள்நாட்டுத் தேவைக்காக அல்லாமல் மையத்தின் தேவைக்காகத் திருப்பி அமைக்கப்படுகிறது என்று எழுதினார். ரோசா எகிப்தின் அழிவை எழுதினார். அழிவுக்குப் பிறகு அங்கே என்ன முளைத்தது என்பதை அமீன்தான் எழுதினார்.

இதை மறுத்த மார்க்சியர்கள்?

ராபர்ட் பிரென்னர் 1977-இல், சந்தையையும் வணிகத்தையும் மட்டும் பார்த்துவிட்டு உள்நாட்டு வர்க்க உறவுகளை மறந்துவிட்டீர்கள் என்றார். பில் வாரன் ஒருபடி மேலே போய், ஏகாதிபத்தியமே பின்தங்கிய நாடுகளில் முதலாளித்துவத்தை வளர்த்தது என்றார். 1853-ஆம் ஆண்டு மார்க்சின் வழித்தோன்றல் அவர். தென்கொரியாவுக்கு அவர் வாதம் ஏதாவது சொல்கிறது. 1838-க்குப் பிந்தைய எகிப்துக்கு ஒன்றும் சொல்வதில்லை.

காலனிகள் போய்விட்டன. இன்னும் ஏகாதிபத்தியம் என்று பேசலாமா?

1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. அமெரிக்கா ஒரு குண்டும் போடவில்லை. சரிந்துகொண்டிருந்த பவுண்டுக்கு உதவ மறுத்தது, அது போதுமாக இருந்தது. பிரிட்டன் பின்வாங்கியது. பழைய வகை ஏகாதிபத்தியத்தைப் புதிய வகை வீட்டுக்கு அனுப்பிய நாள் அது. மார்க்சிய அறிஞர் எலன் மெய்க்சின்ஸ் வுட் சொல்வது இதைத்தான்: இன்றைய பேரரசு பொருளாதார நிர்ப்பந்தத்தால் ஆள்கிறது, அதற்குக் காலனிகள் வேண்டாம், ஒழுங்காகக் கடன் கட்டும் பல அரசுகள் வேண்டும். லியோ பனிட்ச், சாம் கிண்டின் என்ற இரு மார்க்சியர்கள், அமெரிக்கா தன் போட்டியாளர்களையே தன் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்டது என்கிறார்கள்.

மார்க்சியப் புவியியலாளர் டேவிட் ஹார்வி 2003-இல் ரோசாவின் பிற்பகுதியைத் தூசி தட்டி எடுத்து, உடைமை பறிப்பின் மூலம் திரட்டல் என்று பெயரிட்டார். தனியார்மயம், நிலப்பறிப்பு, கடன் நெருக்கடி எல்லாம் அதில் அடங்கும். மீண்டும் எகிப்துக்கே வருவோம். 2024 பிப்ரவரியில் மத்தியதரைக் கடலோரத்தின் ராஸ் எல் ஹெக்மா பகுதியை உருவாக்கும் உரிமை 3,500 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஐக்கிய அரபு அமீரக நிதியம் ஒன்றுக்குப் போனது. அடுத்த மாதம் எகிப்து தன் நாணயத்தைச் சரிய விட்டது, சர்வதேச நாணய நிதியம் தன் கடனை 300 கோடியிலிருந்து 800 கோடி டாலராக உயர்த்தியது. 1875-க்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்ல வேண்டியதில்லை. வேறுபாட்டைத்தான் கவனிக்க வேண்டும்: வாங்கியவர் லண்டனில் இல்லை, அபுதாபியில் இருக்கிறார். மரினி பிரேசிலுக்குச் சொன்ன 'துணை ஏகாதிபத்தியம்' (தானே விளிம்பில் இருந்துகொண்டு தன் வட்டாரத்தில் ஏகாதிபத்தியம் போல நடப்பது) என்ற சொல் இங்கே மறுபடி உயிர் பெறுகிறது.

ஹார்விக்கும் பட்நாயக்குகளுக்கும் என்ன கருத்து வேறுபாடு?

இந்திய மார்க்சியப் பொருளாதார அறிஞர்களான உத்சா பட்நாயக்கும் பிரபாத் பட்நாயக்கும் வெப்ப மண்டல நிலத்தில் மட்டும் விளையும் பொருள்களை விலை ஏறாமல் பெற, அந்த மக்களின் வருமானத்தை அமுக்கி வைப்பதே ஏகாதிபத்தியத்தின் உள்ளியக்கம் என்கிறார்கள். அவர்களது நூலிலேயே பதில் எழுதிய ஹார்வி, கிழக்கிலிருந்து மேற்குக்குச் செல்வம் வடிந்தது கடந்த முப்பது ஆண்டுகளில் பெருமளவு திசை மாறிவிட்டது என்றார். ஜான் ஸ்மித் இதைக் கடுமையாக மறுத்தார். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்ததிலிருந்து தன் நூலைத் தொடங்கியவர் அவர். சட்டையின் விலையில் பெரும்பகுதி விற்கும் நாட்டின் வருமானமாகப் பதிவாகிறது, தைத்தவரின் பங்கு கணக்கில் மறைகிறது என்பது அவர் வாதம். திருப்பூரில் தைத்து ஐரோப்பாவில் தொங்கும் பனியனின் விலைச்சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்தச் சண்டையில் நான் ஸ்மித் பக்கம்.

சீனா ஏகாதிபத்திய நாடா?

லெனினின் அளவுகோலை வைத்தால் ஆம் என்பவர்கள், மூலதன ஏற்றுமதியையும் பெரும் வங்கிகளையும் காட்டுகிறார்கள். எம்மானுவேலின் அளவுகோலை வைப்பவர்கள், சீனத் தொழிலாளியின் உழைப்பு இன்னும் வெளியே போகிறது என்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். 1914-க்கு முந்தைய ருஷ்யாவும் பிரெஞ்சுக் கடனில் மூழ்கிக்கொண்டே அண்டை நாடுகளை விழுங்கியது.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பெரும்பாலோர் லெனினிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் ரோசாவின் நூலில் சர்வதேசக் கடன்கள் பற்றிய முப்பதாம் அத்தியாயத்தை முதலில் படிக்கச் சொல்கிறேன். முன்னால் உள்ள அட்டவணைகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். கையில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடனுக்கும் முக மதிப்பு எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே போங்கள். பிறகு லெனினை எடுங்கள். தமிழில் பல பதிப்புகள் உண்டு. 1917 முன்னுரையைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். அதன் பின் அமீன்.